கூட்டுவதற்கு முன்

ஆறரைக்கு வருவேன்.
பூட்டைத் திறந்தால்
இரவெல்லாம் அடைபட்டுக் கிடந்த மண்டபம்
ஈரச்சாக்கு நாற்றத்தோடு கொட்டாவி விடும்.
சுவரில் தொங்கும் இலங்கைப் படத்தில்
பூஞ்சணம் இந்த வருடம்
மாத்தறையில் தொடங்கி
மன்னார் வரை ஏறிவிட்டது.

பதினோரு வருடமாய்
தூசியை விரட்டுவது என் வேலை.
மஸ்கெலியாக் குளிருக்கு ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு
வறட்டு விளக்குமாற்றால் வேகமாய்க் கூட்டுவேன்.
வெண்கட்டித் தூள், வாங்கு உதிர்த்த மரமா,
ஐம்பத்திரண்டு சோடி சப்பாத்து கொண்டுவந்த மண்
எல்லாம் எழும்பி
வெளிச்சத்தில் மினுங்கும்.
அழகாகத்தான் இருக்கும்.
ஏழரைக்குள் இறங்கிவிடும்.
எங்கே இறங்குகிறதென்று
நான் கேட்டதில்லை.

நாலாம் வகுப்பு கிஷாலினி
காற்புள்ளி இல்லாத இடங்களிலும்
நின்று நின்று வாசிப்பாள்.
பிள்ளைகள் சிரிக்கும்.
'சரளம் போதாது' என்று
தேர்ச்சி அறிக்கையில் எழுதினார் தெவேந்திரன் சேர்.
அவள் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி ஒன்று கத்தியது
விறாந்தையில் நின்ற எனக்கும் கேட்டது.
நான் பூனையைத் தேடினேன்,
அலமாரிக்குப் பின்னால்.

ஆனி மாதம், ஒரு திங்கள்.
நான் கூட்டி முடித்த கையோடு வந்தவள்
வாங்கில் உட்காரவில்லை.
மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.
தோள் இரண்டும் காதுவரை ஏற,
கழுத்துக்குழி உள்ளே உள்ளே போக.
பேசவில்லை. அழவில்லை.
அதற்கும் மூச்சு வேண்டுமே.

நீலப் பம்பு லயத்தில் இருந்தது,
தொலைந்துவிடக் கூடாதென்று
சாமிப்படத்துக்குப் பின்னால், பத்திரமாக.

கொழுந்து லொறியில் ஏற்றிப் போனோம்.
பதினேழு வளைவும் ஹோர்ன் அடித்தபடியே இறங்கினான் லொறிக்காரன்.
என் நெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.
அவள் பின்னலில்
நான் கிளப்பிய தூசி.

ஆஸ்பத்திரியில் முகமூடி வைத்தார்கள்.
புகைமாதிரியே வந்தது மருந்தும்.
"ஸ்கூல்ல ஏதும் எரிக்கிறீங்களா?" என்றாள் தாதி.
"வெள்ளிக்கிழமை... குப்பை... கொஞ்சம்தான்."
யார் எரிப்பது என்று சொல்லவில்லை.
தீப்பெட்டி என் இடுப்பு முடிச்சில் இருந்தது.

இப்போது ஐந்தே முக்காலுக்கு வருகிறேன்.
முதலில் ஜன்னல்.
எட்டில் மூன்றுக்குக் கொண்டி துருப்பிடித்திருந்தது,
குழவிக்கல்லால் தட்டி இரண்டைத் திறந்தேன்.
அப்புறம் தண்ணீர் தெளிப்பு.
அதற்கும் அப்புறம்தான் விளக்குமாறு.
கரும்பலகைக்கு ஈரத்துணி.
டஸ்டரைச் சுவரில் அடித்து விளையாடும் பயல்களைப்
பள்ளத்துப் பக்கம் விரட்டியாயிற்று.
குப்பைக்குக் குழி வெட்டினேன்.
"என்ன தெய்வக்கனி, புதையலா?" என்றார் அதிபர்.
பூஞ்சணத்தைச் சவர்க்காரத் தண்ணீரில் தேய்க்கிறேன்.
போகிறது.
கூரைத் தகரம் ஒழுக ஒழுக
மறுபடியும் மாத்தறையில் தொடங்குகிறது.

ஸ்டோர் புகைக்குழாய்
என் பேச்சைக் கேட்காது.
எந்த மலையில் என்றைக்கு மருந்தடிப்பார்களென்று
பள்ளிக்கூடத்துக்கு யாரும் அறிவிப்பதில்லை.
டாங்கி சுமக்கிற என் கொழுந்தன் மட்டும்
முதல்நாள் ராத்திரி வந்து சொல்லுவான்.
அன்றைக்கு மேற்குப் பக்கத்தைச் சாத்திவைப்பேன்.

பம்பு இப்போது இரண்டு.
மற்றது சேருடைய மேசை லாச்சியில்.
பூட்டுப் போடப் போனார்.
"பூட்டாதீங்க" என்றேன்.
அவ்வளவு சத்தமாய் நான் பேசி
அவர் கேட்டதில்லை,
நானும்தான்.

நேற்று மூடுபனி உள்ளே புகுந்து
கொப்பிகள் நனைந்ததாகப் பிராது.
ஜன்னலை மூடச் சொன்னார்கள்.
ஒன்றை மூடினேன், இன்னொன்றையும்.
மூன்றாவதன் கீழே அவள்,
கழுத்தில் அம்மாவுடைய மப்ளரோடு
எழுந்து நின்று வாசித்துக்கொண்டிருந்தாள்,
ஒரு நீண்ட வாக்கியத்தின் நடுவில்.

கொண்டியில் கையை வைத்தபடி
முற்றுப்புள்ளிக்காகக் காத்து நின்றேன்.